ஏறிய கோடும் இறங்கிய நீரும்

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு எழுதிய எவருக்கும் அந்த வரைபட வினா நினைவிருக்கும். வளைவரையை எவ்வளவு அழகாக வரைந்தாலும், தாளின் மேல் மூலையில் ‘அளவுத்திட்டம்: எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ. = 2 அலகுகள்’ என்று எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும். ‘படம் சரியாகத்தானே இருக்கிறது, அளவு எழுதாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?’ என்று அன்று நான் முணுமுணுத்தது உண்டு. குடிமுழுகத்தான் பார்த்தது. அந்தக் கதையைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கணிதத்துறையில் மூன்றாம் ஆண்டுக்குரிய திட்டப்பணியாக, ஆலங்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் 12 கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் இரண்டு முறை நீர்மட்டம் அளந்தோம். அளவிடும் கருவி ஒன்றும் பெரிதில்லை. எடை கட்டிய நாடா ஒன்று. குறித்துக்கொள்ள ஒரு நோட்டு. நாடா காட்டும் அளவிலிருந்து கிணற்றின் கைப்பிடிச் சுவர் உயரத்தைக் கழித்துவிட்டால், தரைமட்டத்திலிருந்து நீர் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்பது தெரிந்துவிடும். ஜூன் மாதம் தொடங்கி ஏப்ரல் வரை சேர்ந்த அளவுகளைக் கணிப்பொறியில் ஏற்றி, பைத்தான் மொழியில் ‘மேட்பிளாட்லிப்’ என்னும் நிரல் தொகுப்பைக் கொண்டு வரைபடமாக்கினேன். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் படமாகப் பார்ப்பதற்கு ஜான் ஹன்ட்டர் என்ற அமெரிக்கர் எழுதத் தொடங்கி, 2003-இல் வெளியிட்ட தொகுப்பு அது. அவர் 2012-இல் மறைந்துவிட்டார். அவர் விதைத்தது இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. யாவர்க்கும் இலவசம்.

படம் வண்ணமயமாக வந்தது. மே முதல் நாள் கிராமசபைக் கூட்டத்துக்கு வருவோர் பார்க்கட்டும் என்று பெரிதாக அச்சிட்டு ஊர்ப் பொதுச் சுவரில் ஒட்டினோம். மூன்றாம் நாள் என் பெரியப்பா வீட்டுக்கு வந்து, “தாயி, உன் படத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுனேன். கோயில் கிணத்துல தை மாசத்துக்கு அப்புறம் தண்ணி ஏறிக்கிட்டே வருதே! கோடையில ஊறுற கிணறு எங்க கிடைக்கும்? அதை ஒட்டின வயலைக் குத்தகைக்கு எடுக்கலாம்னு பேசிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சாரம்” என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. கோயில் கிணற்றில் டிசம்பரில் 9 அடி ஆழத்தில் இருந்த நீர், ஏப்ரலில் 34 அடிக்குப் போயிருந்தது. 9-லிருந்து 34-க்கு எண் ஏறியதால் கோடும் ஏறியது. ஆனால் நீர் இறங்கியிருந்தது! போதாக்குறைக்கு, ஒய் அச்சின் ஓரத்தில் ‘தரைக்குக் கீழ் ஆழம்’ என்று எழுத வேண்டிய நான், ‘நீர்மட்டம்’ என்று எழுதி வைத்திருந்தேன். நீர்மட்டம் என்று எழுதி, கோட்டை மேலே ஏற்றிக் காட்டினால், பார்ப்பவர் வேறு எப்படிப் படிப்பார்? விளக்கிச் சொன்னதும் பெரியப்பா கோபப்படவில்லை. “கிணத்துல தண்ணி கீழ போனா படத்துலயும் கீழதானே போகணும்?” என்று மட்டும் கேட்டார். நிலத்தடி நீரை ஆராய்வோர் அனைவரும் கைக்கொள்ளும் மரபை, பள்ளிக்கூட வாசலை அதிகம் மிதிக்காத அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை எடுக்கும் கிணற்று அளவுகளும் ‘தரைமட்டத்துக்குக் கீழே இத்தனை மீட்டர்’ என்றே குறிக்கப்படுகின்றன. அவற்றைப் படமாக்கும்போது சுழியத்தை மேலே வைத்து, எண்கள் கீழ்நோக்கிப் பெருகுமாறு அமைப்பதே முறை.

அச்சைத் தலைகீழாக்க ‘இன்வர்ட் ஒய்ஆக்சிஸ்’ என்றொரு கட்டளை இருக்கிறது. (நம் மலரின் அச்செழுத்துக்கு ஏற்பக் கட்டளைகளைத் தமிழில் தருகிறேன், கணிப்பொறிக்கு ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.) அதைச் சேர்த்தேன். படம் மாறவே இல்லை! அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் காரணம் விளங்கிற்று. அந்தக் கட்டளை, அச்சு இப்போது எப்படி இருக்கிறதோ அதற்கு நேர்மாறாகத் திருப்பும். மீண்டும் சொன்னால் பழையபடி திருப்பிவிடும். நானோ, 12 கிணறுகளுக்கும் ஒவ்வொன்றாகக் கோடு வரையும் சுழற்சிக்குள்ளேயே அதை எழுதியிருந்தேன். 12 முறை திருப்பினால் புறப்பட்ட இடத்துக்குத்தானே வந்து சேரும்? 11 கிணறுகள் இருந்திருந்தால் தவறு தெரியாமலே போயிருக்கும். அதைவிட, அச்சின் எல்லைகளை வெளிப்படையாகச் சொல்லும் ‘செட் ஒய்லிம்’ கட்டளையில் 40, 0 என்று பெரிய எண்ணை முன்னால் கொடுப்பது மேல். எத்தனை முறை சொன்னாலும் 40 கீழே, 0 மேலே என்பதில் மாற்றம் வராது.

அச்சுத் தொல்லைகளில் இது ஒன்று. இதற்கு முன்பே எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆயினும் சொல்கிறேன். மேட்டுக் கிணற்றின் அளவுகளை முதன்முதலாக வரைந்தபோது, இடக்கீழ் மூலையிலிருந்து வலமேல் மூலைக்கு ஏறக்குறைய ஒரு நேர்க்கோடு கிடைத்தது. இயற்கையின் விதியொன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு மாலைப்பொழுது முழுவதும் மிதந்தேன். மறுநாள் ஒய் அச்சின் எண்களைப் படித்தேன்: 31, 33, 28, 30, 17, 11... கீழிருந்து மேலாக இப்படியா எண்கள் வரிசையாக நிற்கும்? நடந்தது இதுதான். கிணறு வறண்டிருந்த நாளில் எண்ணுக்குப் பதிலாக ‘வறண்டது’ என்று நோட்டில் எழுதியிருந்தோம். அந்த ஒரு சொல் இருந்ததால், அந்தப் பத்தி முழுவதையுமே கணிப்பொறி எழுத்துச் சரமாகப் படித்துக்கொண்டது. எழுத்துகளுக்குச் சிறிது பெரிது ஏது? வந்த வரிசைப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு படி கொடுத்து அடுக்கிவிட்டது. முதல் அளவு முதல் படி, இரண்டாம் அளவு இரண்டாம் படி என்றால் நேர்க்கோடு வராமல் என்ன செய்யும்! எனவே அச்சில் எண்கள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தாலோ, வரிசை மாறி நின்றாலோ, முதலில் ஐயப்பட வேண்டியது தரவு எண்ணாக இருக்கிறதா எழுத்தாக இருக்கிறதா என்பதையே.

எண்ணாக மாற்றுவது எளிது. ‘டு நியூமெரிக்’ என்ற கட்டளையில், மாற்ற முடியாதவற்றை வெற்றிடமாக்கு என்று சொன்னால் போதும். கோடு அந்த இடத்தில் அறுந்து நிற்கும். ஆனால் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். அளக்க மறந்த நாளும் வெற்றிடம், வறண்ட நாளும் வெற்றிடம் என்றால் இரண்டும் ஒன்றா? வறண்டது என்பதும் ஓர் அளவுதான்: நீர், கிணற்றின் அடித்தளத்துக்கும் கீழே போய்விட்டது என்று அது சொல்கிறது. என் குழுவில் ஒருவர், ‘தண்ணீர் இல்லை, ஆகவே சுழியம் போடலாம்’ என்றார். ஆழக் கணக்கில் சுழியம் என்றால் கிணறு தரைமட்டம் வரை நிரம்பித் தளும்புகிறது என்று பொருள்! முடிவில், வறண்ட நாள்களுக்குக் கிணற்றின் அடியாழத்தில், உள்ளே நிறமில்லாத ஒரு தலைகீழ் முக்கோணம் வைத்தோம். அதற்குரிய விளக்கத்தைக் குறிப்புக் கட்டத்தில் சேர்த்தோம்.

குறிப்புக் கட்டத்துக்கு வருமுன் எக்ஸ் அச்சைப் பற்றி ஒரு சொல். பழகிப் பார்ப்பதற்காக ஒரு மழைமானிப் பதிவேட்டின் 2018-ஆம் ஆண்டுக் கணக்கை வரைந்தேன். தேதிகளை எழுத்தாகவே விட்டதால், 365 நாள்களின் பெயரும் அச்சின் கீழ் நெருக்கியடித்துக் கரிக்கோடு இழுத்தாற்போல் ஆயின. தேதியாக மாற்றியதும் அந்தக் கரி மறைந்து மாதங்கள் அழகாக நின்றன. நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்து நம் மாவட்டத்தின் தென்னைகளைச் சாய்த்ததே, அந்த நாளின் மழையும் சரியான இடத்தில் நின்றது. நம்பிவிட்டேன். என் பேராசிரியர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, “பிப்ரவரியில் 10, 11, 12 தேதிகளில் மழை, மார்ச்சிலும் 10, 11, 12, ஏப்ரலிலும் அப்படியே. வருணனுக்கு இப்படியொரு நாள்காட்டியா?” என்றார்.

நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவர். எங்கள் கணிப்பொறியில் இருந்த பழைய ‘பாண்டாஸ்’ பதிப்பு, ‘03-11-2018’ என்பதை அமெரிக்க முறைப்படி மார்ச் 11 என்று கொண்டது. ‘16-11-2018’ வந்ததும், 16-ஆம் மாதம் இல்லையாகையால், சத்தமின்றி முறையை மாற்றிக்கொண்டு நவம்பர் 16 என்று சரியாகப் படித்தது. இவ்வாறு அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களின் முதல் 12 நாள் மழை ஆண்டு முழுவதும் மாதந்தோறும் 10, 11, 12 தேதிகளில் சிதறிப்போயிற்று. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் சீமையில் கோடைக்கு இப்படி மழையைப் பங்கிட்டுக் கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்! ‘டேஃபர்ஸ்ட்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தவுடன் எல்லாம் சரியாயிற்று. 2023-இல் வெளிவந்த பாண்டாஸ் இரண்டாம் பதிப்பு முதல், முதல் தேதியைப் பார்த்து ஊகித்த முறையிலேயே மற்றவையும் இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. முரண்பட்டால் பிழை சொல்லி நின்றுவிடுகிறது. நின்றுவிடும் பிழை நல்ல பிழை. தொடர்ந்து ஓடும் பிழைதான் ஆளை விழுங்கும்.

இனிக் குறிப்புக் கட்டம். ஆங்கிலத்தில் லெஜெண்ட் என்பர். நிலப்படத்தின் மூலையில் இரட்டைக் கோடு இருப்புப்பாதை, நீலக்கோடு ஆறு என்று போட்டிருக்குமே, அதுதான். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. குடுமியான்மலையில், 7-ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கொள்ளப்படும் இசைக் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். ஏழு பகுதிகளாக, சுர எழுத்துகள் நான்கு நான்காகக் கட்டம் பிடித்தாற்போல் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பல எழுத்துகளின் தலைமேல் ஒரு சிறு புள்ளி. அந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது? ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. செதுக்கியவர்க்கும் அன்று பாடியவர்க்கும் அது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருக்கும். ஆகவே விளக்கம் தேவைப்படவில்லை. எழுத்து நின்றது, குறிப்பு மறைந்தது.

மேட்பிளாட்லிப்பில் குறிப்புக் கட்டம் தானே வராது. ஒவ்வொரு கோட்டையும் வரையும்போதே அதற்கு ‘லேபிள்’ எனப் பெயர் கொடுத்து, எல்லாக் கோடுகளும் வரைந்து முடிந்தபின் ‘லெஜெண்ட்’ கட்டளையைச் சொல்ல வேண்டும். முன்னதாகச் சொன்னால் பின்னால் வரும் கோடுகள் அதில் இடம்பெறா. அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களையும் அது ஒதுக்கிவிடும். எங்கே வைப்பது என்று நாம் சொல்லாவிட்டால், கோடுகள் குறைவாக மறையும் இடமாகப் பார்த்து அதுவே உட்காரும். 12 கோடுகள் நெளியும் படத்தில் காலியிடம் ஏது? எங்கள் படத்தில் அது மார்ச், ஏப்ரல் மாதங்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எந்த மாதங்களைக் காட்டப் படம் போட்டோமோ அவையே மறைந்தன.

வெளியே தள்ளுவதற்கு ‘பிபாக்ஸ் டு ஆங்கர்’ என்று ஒரு வழி உண்டு. பலரும் குழம்பும் இடம் இது. இரண்டு செய்திகளைத் தனித்தனியே சொல்ல வேண்டும் என்று புரிந்துகொண்டால் குழப்பமில்லை. படச்சட்டத்தின் இடக்கீழ் மூலையை (0, 0) என்றும் வலமேல் மூலையை (1, 1) என்றும் கொள்ளுங்கள். அப்படியானால் (1.02, 1) என்பது சட்டத்துக்குச் சற்று வெளியே, வலப்பக்க உச்சியில் உள்ள ஒரு புள்ளி. அங்கே ஓர் ஆணி அடித்ததாக எண்ணுங்கள். குறிப்புக் கட்டத்தின் எந்த மூலையை அந்த ஆணியில் மாட்டுவது என்பதை ‘லோக்’ சொல்கிறது. ‘அப்பர் லெஃப்ட்’ என்றால் கட்டத்தின் இடமேல் மூலை ஆணியில் இருக்க, கட்டம் வலப்புறம் வெளியே தொங்கும். ‘அப்பர் ரைட்’ என்றாலோ கட்டம் மறுபடியும் படத்துக்குள்ளேயே வந்து விழும். ஆணி மாறவில்லை, மாட்டிய மூலை மாறியது. இவ்வளவும் செய்து கோப்பாகச் சேமித்தால், வெளியே தொங்கும் கட்டம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். சேமிக்கும் கட்டளையில் ‘பிபாக்ஸ் இஞ்சஸ்’ என்பதற்கு ‘டைட்’ என்று கொடுத்தால் கட்டத்தையும் சேர்த்தே வெட்டி எடுக்கும்.

இதன் பிறகும் ஒரு சிக்கல் காத்திருந்தது. மேட்பிளாட்லிப் தானாகக் கொடுக்கும் நிறங்கள் 10. எங்கள் கிணறுகளோ 12. பதினோராவது கிணறு முதல் கிணற்றின் நீலத்தையே உடுத்திக்கொண்டது. குறிப்புக் கட்டத்தில் இரண்டு நீலம். எது எவருடையது? மேலும் நம் கல்லூரி மலர் கறுப்பு வெள்ளையில் அச்சாவது. 10 நிறமும் அதில் ஏறக்குறைய ஒரே சாம்பல். ஆகவே நிறத்தை நம்பாமல் முழுக்கோடு, விட்டுவிட்ட கோடு, புள்ளிக்கோடு என்று பிரித்தேன். அப்போதும் கண், கோட்டுக்கும் கட்டத்துக்குமாக ஓடிக் களைத்தது. கடைசியில் கட்டத்தையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு கோடும் முடியும் இடத்தில் அதன் பெயரை எழுதினேன். புதுமை ஒன்றுமில்லை. 1786-இல் இலண்டனில் வணிகக் கணக்குகளை முதன்முதலாக இவ்வாறு கோடுகளாக வரைந்து நூலாக்கிய வில்லியம் பிளேஃபேர், ஏற்றுமதிக் கோடு, இறக்குமதிக் கோடு என்று கோட்டின் மேலேயே எழுதி வைத்தார். நல்ல குறிப்புக் கட்டம் என்பது பெரும்பாலும் தேவைப்படாத குறிப்புக் கட்டமே என்பது என் கருத்து. வறண்ட முக்கோணத்துக்கு மட்டும் ஒரு சிறு கட்டம் வைத்துக்கொண்டேன்.

மழையையும் கிணற்றையும் ஒரே படத்தில் காட்ட ஆசைப்பட்டு, இடப்பக்கம் ஓர் அச்சு, வலப்பக்கம் ஓர் அச்சு என்று ‘ட்வின் எக்ஸ்’ முறையில் வரைந்தும் பார்த்தேன். இரண்டு அச்சுகளும் தனித்தனிக் குடும்பங்கள். ஒன்றின் குறிப்புக் கட்டத்தில் மற்றொன்றின் கோடு வராது. இரண்டுக்கும் கட்டம் கேட்டால் இரண்டும் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று குந்தும். இரண்டிடமிருந்தும் கோடுகளையும் பெயர்களையும் வாங்கிச் சேர்த்து ஒரே கட்டமாகக் கொடுக்கலாம். கொடுத்தேன். ஆனால் வலப்பக்க அளவுத்திட்டத்தை நான் நீட்டினால் மழைக்கும் கிணற்றுக்கும் உறவு இருப்பதுபோலும், சுருக்கினால் இல்லாததுபோலும் தோன்றியது. என் விரல் நுனியில் உறவு இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மேலே மழைக்கு ஒரு படம், கீழே கிணற்றுக்கு ஒரு படம், இரண்டுக்கும் பொதுவாக ஒரே எக்ஸ் அச்சு என்று பிரித்துவிட்டேன்.

தமிழில் பெயர் எழுதுவதே தனிப் போராட்டம். முதலில் எல்லாம் வெற்றுக் கட்டங்களாக வந்தன. தொகுப்போடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ எழுத்துருவைக் கொடுத்ததும் எழுத்துகள் வந்தன. ஆனால் ‘மேட்டுக் கிணறு’ என்பதில் இரட்டைக்கொம்பு மகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. ‘று’ உடைந்து றகரமும் உகரக்குறியும் வேறுவேறாகக் கிடந்தன. கணிப்பொறி தன் நினைவில் மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னும் வைத்திருக்கிறது. அதை நம் கண்ணுக்கு ஏற்ற வடிவாகக் கோத்துத் தரும் வேலையை வேறொரு நிரல் செய்ய வேண்டும். எங்கள் பதிப்பில் அது இல்லை. படத்தை ‘எஸ்.வி.ஜி.’ கோப்பாகவும், எழுத்தை எழுத்தாகவே விட்டுவைக்கும்படியும் (‘எஸ்விஜி ஃபான்ட்டைப்’ என்பதற்கு ‘நன்’) சேமித்து, ‘இங்க்ஸ்கேப்’ செயலியில் திறந்தபோது கொம்பு தன் இடத்துக்கு வந்தது. அங்கிருந்து அச்சுக்கு அனுப்பினேன்.

புதிய படத்தைப் பழைய சுவரில், பழைய படத்தைக் கிழித்துவிட்டு, ஒட்டினேன். மேலே ‘தரைமட்டம்’ என்று ஒரு கனத்த கோடு. அதன் கீழே, ‘தரைக்குக் கீழ் ஆழம் (அடி)’ என்ற அச்சில் 12 கோடுகளும் டிசம்பரில் மேலேறி, ஏப்ரலில் கீழே தொங்கின. பெரியப்பா வெள்ளிக்கிழமை அச்சாரம் கொடுக்கவில்லை. படத்தின் முன் நின்று வெகுநேரம் பார்த்தார். விரலை மேட்டுக் கிணற்றின் கோட்டில் வைத்து, அது முக்கோணத்தில் முடியும் இடம் வரை இழுத்துக்கொண்டு போனார்.

“இது என்ன தாயி, கவுத்து வச்ச மாதிரி?”

“அங்க தண்ணி வத்திப்போச்சு பெரியப்பா.”

“ஆமா. அன்னிக்கு நானும் வாளியைப் போட்டுப் பார்த்தேன்” என்றார்.